ரெண்டு வயித்துக் கருப்பன்

வாடா பேராண்டி, உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். பார்க்க லட்சணமா இருக்கும், நம்பி உக்கார முடியாது. உன் சேக்காளிங்க மாதிரி.

உங்கம்மா போன் பண்ணா. "மாமா, இவன் லேப்டாப்பு லேப்டாப்புன்னு உயிரை வாங்குறான், நீங்கதான் நாலு வார்த்தை சொல்லணும்"னா. தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு நமத்துப் போச்சான்னு கேக்கக்கூட இந்தக் கிழவனைக் கூப்பிடாத பொம்பளை, லேப்டாப்புக்குக் கூப்பிடுறா. ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவனுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்னு நீ உள்ளுக்குள்ள சிரிக்கிற. சிரி, சிரி. சிரிப்புக்கு இன்னும் எஸ்எஸ்டி வரி போடல.

நீ சொன்னது எனக்குச் சரியாப் புரிஞ்சுதான்னு பாரு. ரெண்டு சாமான் பார்த்து வச்சிருக்க. ஒன்னு, லோ யாட் பிளாசாவுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள விளக்குப் போட்டு வச்சிருக்கிற மேக்புக் ஏர். நிறமும் வெள்ளி, விலையும் வெள்ளி நாலாயிரத்துச் சொச்சம். இன்னொன்னு பிரிக்பீல்ட்ஸ்ல மாடிப்படிக்குக் கீழ ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில தூசியோட கிடக்கிற திங்க்பேட் டி480. கருப்பு. 2018-ல வந்த மாடல். எவனோ ஒரு ஆபீஸ்காரன் கழிச்சு விட்டது. 900 வெள்ளி. சரியா?

அப்ப முதல்லயே சொல்லிடறேன். அந்தக் கருப்பனை வாங்காதே.

ஏன்னா கேக்குற? வாங்கினா உனக்கு மரியாதை போயிரும். நீ பங்சார்ல போயி உக்கார்ற காப்பிக்கடை எனக்குத் தெரியும், ஒரு கோப்பை 15 வெள்ளி, அதுல பாதி நுரை. அங்க எல்லாரும் வெள்ளிப் பலகையைத் திறந்து வச்சுக்கிட்டு, முதுகுல கடிச்ச ஆப்பிளைக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நீ இந்தக் கருப்புப் பெட்டியைத் திறந்தேன்னு வையி, ஏசி ரிப்பேருக்கு வந்த ஆளுன்னு நினைச்சு கம்ப்ரஸர் எங்க இருக்குன்னு கையைக் காட்டி விடுவாங்க. உன் எதிர்ல உக்காந்திருக்கிற அந்தப் பிள்ளை, பேரு சொல்லலடா, எனக்கு எப்படித் தெரியும்னும் கேக்காத, அதுவே "அங்கிள், எங்க வீட்டு ஏசிக்கும் கேஸ் போடணும்"னு சொல்லிடும்.

அந்தப் பெட்டி அப்படி இருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. அதை வடிவமைச்சவர் ரிச்சர்ட் சாப்பர்னு ஒரு ஜெர்மன்காரர், இத்தாலியில வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் கட்டிக்கிட்டுப் போற சோத்துப் பெட்டியைப் பார்த்துத்தான் அந்த உருவத்தைப் பிடிச்சாராம். மூடியிருந்தா சும்மா கருப்புப் பெட்டி. திறந்தாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். எங்களுக்கு அது புதுசா? உங்க பாட்டி விடியக்காலம் நாலு மணிக்குக் கட்டிக் குடுத்த தூக்குச்சட்டியும் வெளியில பார்த்தா ஒடுக்கு விழுந்த தகரம். உள்ள நெத்திலிச் சம்பல் இருக்கிறது எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து நிரையில வெட்டுறவன் கண்ணு வைக்க மாட்டான். யோசிச்சுப் பார்த்தா கண்ணேறு படாம இருக்கிறதும் ஒரு பாதுகாப்பு. ஆனா உனக்கு அது வேணாம். உனக்குக் கண்ணு படணும், அதுக்குத்தான் காசு குடுக்கிற.

பேரும் நல்லா இல்ல. ஐபிஎம்காரன் அந்தக் காலத்துல ஆளுக்கு ஒரு சின்னத் தோல் நோட்டுப் புத்தகம் குடுப்பானாம். அட்டையில 'யோசி'ன்னு ஒத்தை வார்த்தை, இங்கிலீஷ்ல. அதை வச்சுத்தான் 1992-ல திங்க்பேடுன்னு பேரு வந்துச்சு. எங்க தோட்டத்துலயும் கணக்கெழுதுற கிராணிகிட்ட ஒரு நோட்டு இருந்துச்சு. செக்ரோலு. பெரட்டுக் களத்துல விடியிறதுக்கு முன்னாடி அதைத் திறந்து பேரைக் கூப்பிடுவாரு. பேரு விழுந்தாத்தான் கூலி. நான் என் ஆயுசுல முதல்ல பார்த்த லேப்டாப்பு அதுதான். மடியில வச்சுத்தான் எழுதுவாரு, பேட்டரி கிடையாது, ஒரு தடவைகூட நின்னதில்ல. பொய் மட்டும் எழுதும்.

ஐபிஎம் அந்த வியாபாரத்தை 2005-ல லெனோவோன்னு சீனத்துக் கம்பெனிக்கு வித்துருச்சு. நம்ம தோட்டத்தை வெள்ளைக்காரன் வித்த மாதிரிதான். துரை மாறினாரு, மரம் அதே மரம். சில பேரு இன்னும், ஐபிஎம் காலத்துப் பெட்டி மாதிரி வருமான்னு ஒப்பாரி வைப்பாங்க. எங்கள்லயும் சில பேரு வெள்ளைக்காரத் துரையே தேவலைம்பாங்க. கேட்டுக்கிட்டு மண்டையை ஆட்டணும், நம்பக் கூடாது.

சரி, வெள்ளியைப் பேசுவோம். நான் ஓரவஞ்சனை பண்றவன் இல்ல.

2008-ல ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில நின்னு, ஒரு பழுப்புக் கடுதாசிக் கவரைப் பிரிச்சு, அதுக்குள்ள இருந்து முதல் மேக்புக் ஏரை எடுத்துக் காட்டினாரு. உலகமே கை தட்டுச்சு. எனக்கு வயித்தைக் கலக்குச்சு. எங்க தோட்டத்துல பழுப்புக் கவர்ல வந்ததெல்லாம் வேலையை விட்டு நிறுத்துற கடுதாசிதான். அந்த நினைப்பு எனக்கு இன்னும் போகல. ஆனா சாமான் நல்ல சாமான். ஒன்னேகால் கிலோதான் கனம். 2020 கடைசியில எம்1-ன்னு சொந்தச் சில்லு போட்டாங்க பாரு, அதுல இருந்து உள்ள காத்தாடியே கிடையாது. சத்தமே வராது. காலையில சார்ஜ் போட்டா சாயந்தரம் வரைக்கும் தாங்கும். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுறதா இருந்தா, கருப்பன் ஒரு பாட்டை முடிக்கிறதுக்குள்ள வெள்ளி தாலி கட்டி, பந்தி முடிச்சு, மொய்க் கணக்கு வரைக்கும் வந்துரும்.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாட்டி நான் மலேசியத் தமிழனே இல்ல. அந்த மேக்குக்குள்ள இணைமதின்னு ஒரு தமிழ் எழுத்துரு இருக்கு. செஞ்சது யாரு? நம்ம முத்து நெடுமாறன். கவிஞர் முரசு நெடுமாறன் மகன். 1985-ல முரசுன்னு தமிழ் மென்பொருள் பண்ண ஆரம்பிச்சவரு, பின்னாடி முரசு அஞ்சல், கைப்பேசிக்குச் செல்லினம்னு போனாரு. கலிபோர்னியாவுல வடிவமைக்கிற பெட்டியைத் திறந்தா உள்ள நம்ம ஊரு ஆளோட கையெழுத்து. நாலாயிரத்துல ஒரு பத்து வெள்ளியாவது அந்தப் பெருமைக்குக் குடுக்கலாம்னு எனக்கே தோணுச்சு. மிச்சம் 3,990-க்குத்தான் காரணம் தேடிக்கிட்டு இருக்கேன்.

ஏன்னா, குறைஞ்சபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில இருந்து 1,700 வெள்ளி. உங்கம்மா கிளினிக்ல உக்காந்து டோக்கன் குடுத்து வாங்குறது அதுக்குக் கொஞ்சம் மேல. அவ ரெண்டு மாசம் சாப்பிடாம, பஸ் ஏறாம, எனக்குப் போன் பண்ணாம இருந்தாக்கூட அந்த வெள்ளிப் பலகைக்குக் காசு பத்தாது. இதை நான் உன்னை உருக வைக்கச் சொல்லல. கணக்குத்தான் சொன்னேன். உனக்கு உருகுதுன்னா அது உன் பிரச்சினை.

அப்புறம் அதுல ஓட்டை பத்தாது. சார்ஜர் ஓட்டையையும் காதுல மாட்டுற ஒயருக்கான ஓட்டையையும் விட்டா, ரெண்டே ஓட்டை, ரெண்டும் சின்னது. பென்டிரைவ் சொருகணும்னா அதுக்கு ஒரு வால் வாங்கணும். கோயில் மண்டபத்துல புரொஜெக்டர் மாட்டணும்னா இன்னொரு வால். கருப்பன்ல எல்லாம் உடம்பிலேயே இருக்கு. பெரிய யூஎஸ்பி ரெண்டு, சின்னது ரெண்டு, எச்டிஎம்ஐ, நெட்டு ஒயர், கேமரா கார்டு. ஊர்ல இருக்கிற எந்த ஒயரைக் கொண்டாந்தாலும் வாங்கிக்கும். ஆனா உனக்கு இது சரிப்படாது. வால் வாங்குறது ஒரு பொழுதுபோக்கு. பத்து வெள்ளிக்கு ஒன்னு, மாசத்துக்கு ஒன்னு தொலைக்கலாம்.

மெமரியும் அப்படித்தான். வெள்ளியில உள்ளேயே ஒட்டி வச்சிருக்கான். பிறந்தப்ப போட்ட சட்டைதான், சாகுற வரைக்கும். கருப்பனுக்கு அடியில ஆறு திருகாணியைக் கழட்டி முதுகைத் திறந்தா மெமரி சொருக ரெண்டு பள்ளம். இன்னிக்கு எட்டு, சம்பளம் வந்ததும் பதினாறு, மாமியார் வீட்டுச் சீர் வந்தா முப்பத்திரெண்டு. நம்ம ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாய் மாதிரி. உங்கப்பா ஓட்டினது, உங்க சித்தப்பா ஓட்டினது, இப்ப யாரோ ஒரு வங்காளதேசத்துப் பையன் மேரு ரோட்டுல ஓட்டிக்கிட்டுப் போறான். சங்கிலி மாத்தியாச்சு, பிளக் மாத்தியாச்சு, சீட்டு மாத்தியாச்சு, வண்டி மட்டும் அதே வண்டி. எந்தப் பட்டறையில நிறுத்தினாலும் சாமான் கிடைக்கும். அதுல ஏறிப் போறவனை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்னு நீ சொல்றதும் சரிதான்.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வர்றேன். கருப்பனுக்கு ரெண்டு வயிறு.

சிரிக்காத. உள்ள ஒரு சின்னப் பேட்டரி, 24 வாட் மணி. பின்னாடி கழட்டி மாட்டுற மாதிரி இன்னொன்னு. அது சின்னதாவும் வரும், 72 வாட் மணின்னு பெருசாவும் வரும். முதல்ல பின் வயித்துல இருக்கிறதைத்தான் தின்னும். அது காலியாச்சுன்னா உள் வயித்துக்குப் போகும். அந்த நேரத்துல நீ பின்னாடி இருக்கிறதைக் கழட்டிட்டு, பையில இருந்து இன்னொன்னை எடுத்து மாட்டலாம், பெட்டி அணையாது. கிள்ளான்ல கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல்ல இறங்கி, பாடம் கேட்டு, பிரிக்பீல்ட்ஸ்ல வாழை இலைச் சோறு தின்னு, திரும்பி வீட்டுக்கு வர்ற வரைக்கும் பிளக்கைத் தேடிக்கிட்டுச் சுவர் ஓரமா அலைய வேண்டாம். அடுத்த வருஷமே டி490-ன்னு கொண்டாந்தான், அதுல பின் வயித்தை எடுத்துட்டான். ஒல்லியா இருக்கணுமாம். அதனால ரெண்டு வயித்தோட வந்த கடைசிப் பிள்ளைங்கள்ல இதுவும் ஒன்னு. கடைக்குட்டி எப்பவும் செல்லம்.

ஆனா பெரிய வயித்தை மாட்டினா அடியில பிட்டம் மாதிரி துருத்திக்கிட்டு நிக்கும், கனமும் ரெண்டு கிலோவை எட்டிப் பார்க்கும். காப்பிக்கடைக்கு ஆகாது. அதையும் சொல்லிட்டேன்.

பேட்டரியை எப்படி வச்சுக்கணும்னு உங்க யூடியூப்காரன் ஒரு மணி நேரம் பேசுவான். நான் ஒரு வார்த்தையில சொல்றேன்: பட்டையைத் தின்னாதே. பால் மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டணும். பேராசை பிடிச்சு நித்தமும் வெட்டினா முதல் மாசம் வாளி நிறையும், அப்புறம் பட்டை வறண்டு போயி, கத்தியைப் போட்டா கண்ணீர்கூட வராது. பேட்டரியும் அதே ஜாதி. எந்நேரமும் நூறுலயே சொருகி வச்சுக்கிட்டு சூட்டுல கிடத்தினா சீக்கிரம் செத்துப் போகும். எண்பதுல நிறுத்துன்னு அதுலயே சொல்லி வைக்கலாம், கேட்டுக்கும். மரம் எங்ககிட்ட நிறுத்துன்னு கேட்டதில்ல, துரைதான் கேட்டாரு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு.

தண்ணி ஊத்துற கதையும் இருக்கு. கருப்பனோட எழுத்துப் பலகைக்கு அடியில சாக்கடை கட்டி விட்டிருக்கான். மேல தண்ணி கொட்டினா ஓட்டை வழியாக் கீழ ஓடிரும். வெறும் தண்ணின்னாத்தான். நீ குடிக்கிறது கெட்டிப்பால் விட்ட தே தாரே, அது ஓடாது, உக்காந்துக்கும். மறுநாள் 'க' தட்டினா 'ககககக'ன்னு அடிக்கும். அதுக்கும் பயம் இல்ல, ரெண்டு திருகாணியைக் கழட்டினா பலகை தனியா வந்துரும், வேற மாட்டிக்கலாம். வெள்ளியில கொட்டினேன்னா தேத்தண்ணிக் காசு கணக்குல வராது, பெட்டிக் காசுதான் வரும்.

நடுவுல சிவப்பா ஒரு குமிழு இருக்கும். குங்குமப் பொட்டு வச்ச மாதிரி. விரலை வச்சு அழுத்தினா, அழுத்துற பக்கம் அம்புக்குறி ஓடும். குமிழு நகராது, நம்ம அழுத்தத்தைத்தான் கணக்குப் பண்ணும். உங்க பாட்டி இடத்தை விட்டு அசையாம கண்ணாலேயே வீட்டை ஓட்டின மாதிரி. பழகினவங்க அதை விட மாட்டாங்க. பழகாதவங்க அதைச் சுரண்டிப் பார்த்துட்டு அழிலப்பர்னு நினைப்பாங்க.

அழிலப்பர் இல்லடா, அழிரப்பர். பல்லு போச்சு, ரப்பரே வாயில வர மாட்டேங்குது. வாழ்நாளெல்லாம் அதை வெட்டினவன்.

விண்வெளிக்கும் போயிருக்கு இந்தச் சாதி. 1993 டிசம்பர்ல ஹப்பிள் தொலைநோக்கியைச் சரி பண்ணப் போன விண்கலத்துல ஒரு திங்க்பேட் போச்சு. அவ்வளவு தூரம் போனதுக்கு உன் அசைன்மென்டு தாங்காதா?

தாங்கும். ஆனா உன் கண்ணு தாங்குமான்னு தெரியல. இங்கதான் நான் நிஜமாவே தலையைச் சொறியிறேன். அந்தத் திரை இருக்கே, அமாவாசை. மட்டமான திரை போட்டதும் இருக்கு, 1366-க்கு 768. அதுல எழுத்தைப் பார்த்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், பக்கவாட்டுல பார்த்தா எறும்பும் இருக்காது. 1920-க்கு 1080 போட்டதுதான் வாங்கணும். அதுவும் வெளிச்சம் மட்டுதான். கிள்ளான் வெயில்ல வெளியில உக்காந்தா உன் மூஞ்சிதான் தெரியும். அது உனக்குப் பிடிச்ச காட்சின்னா சரி.

இன்னொரு குறை. அதுல தண்டர்போல்ட்னு ஒரு சின்ன ஓட்டை இருக்கு. முதல்ல வந்த பெட்டிகள்ல அதை ஓட்டுற உள் மென்பொருள்ல ஒரு பிசகு. தன்னைத்தானே எழுதி எழுதி இடத்தை ரொப்பிக்கிட்டு, ஒரு நாள் அந்த ஓட்டையே செத்துப் போகும். சார்ஜ் ஏறாது. கம்பெனியே ஒத்துக்கிட்டு மருந்து விட்டுச்சு. முன்னாடி வச்சிருந்தவன் அந்த மருந்தைப் போட்டானான்னு யாருக்குத் தெரியும்? அதனால கடையில ரெண்டு ஓட்டையிலயும் மாத்தி மாத்திச் சொருகி, சார்ஜ் ஏறுதான்னு பாரு. கூச்சப்படாத. மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்த்த வம்சம் நாம.

இப்பக் காதைக் கிட்டக் கொண்டா. இது வெளியில போகக் கூடாது.

எங்க காலத்துல பால் வடியிற மங்குல உறைஞ்சு கிடக்கிற ஒட்டுப்பாலைப் பிச்சு மூட்டை கட்டி ஸ்டோர்ல எடை போடுவோம். எடைக்குக் காசு. நான் யோக்கியன். ஆனா என் மூட்டையில சில நேரம் கல்லும் தானா வந்து ஏறிக்கும். கொஞ்சம் மண்ணு, கொஞ்சம் பட்டை, எல்லாம் இயற்கை. எடை போடுற கிராணி ஒரு நாள் கையை விட்டுத் துழாவி, ஒரு கல்லை எடுத்து என் கையில குடுத்து, "இது எந்த மரத்துல காய்ச்சதுடா?"ன்னாரு. அன்னிக்கு ஒன்னு கத்துக்கிட்டேன். வாங்குறவன் கையை விட்டுத் துழாவணும்.

செகண்ட் ஹேண்ட் கடையிலயும் கல்லு உண்டு. முதல் கல்லு, டி470. டி480-க்கு அண்ணன், ஒரு வருஷம் மூப்பு, அச்சு அசல் ஒரே மூஞ்சி. ஆனா அண்ணனுக்குப் பெரும்பாலும் ஏழாம் தலைமுறைச் சில்லு, தம்பிக்கு எட்டாம் தலைமுறை. ஏழுக்கு ரெண்டு மூளை, எட்டுக்கு நாலு. அதுக்கும் மேல, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவை நிறுத்திட்டான். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையில இருந்துதான் உள்ள விடும். அண்ணன் வாசல்லயே நிக்கணும், தம்பி உள்ள போகலாம். ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாத, ஸ்டிக்கர் தனியா விக்குது. பெட்டியைத் திறந்து உள்ள என்ன சில்லுன்னு பாரு. ஐ5-ன்னு போட்டு அதுக்கு அப்புறம் எட்டுல ஆரம்பிக்கணும்.

ரெண்டாவது கல்லு இன்னும் பெருசு. இதெல்லாம் கம்பெனி ஆபீஸ்ல இருந்து கழிச்சு வந்தது. அந்த ஆபீஸ்காரன் உள்ள ஒரு பூட்டுப் போட்டு வச்சிருப்பான், சூப்பர்வைசர் பாஸ்வேர்டுன்னு. பெட்டி ஓடும், படம் பார்க்கலாம், எல்லாம் நல்லா இருக்கும். ஒரு நாள் அடிப்படை அமைப்பை மாத்தணும்னு போனா, "நீ யாரு?"ன்னு கேக்கும். துரை சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு ஊருக்குக் கப்பல் ஏறிட்டாரு, பங்களா மட்டும் உனக்கு. பேட்டரியைக் கழட்டினாலும் அந்தப் பூட்டு போகாது. அதனால கடையில பெட்டியைப் போட்ட உடனே எஃப்1 அமுக்கு. கேள்வி கேக்காம உள்ள விட்டா வாங்கு. கேட்டுச்சுன்னா, "அண்ணே, இதை நீங்களே வச்சுக்குங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே வெளியில வா. ரொம்பப் பேசாத, அவன் உனக்கு மௌஸ் வித்துருவான்.

நல்லா ஞாபகம் வச்சுக்க, நான் இன்னும் வாங்குன்னு சொல்லல.

மடிக்கணினின்னு ரேடியோவுல சொல்றாங்க பாரு, எனக்கு அந்தப் பேரு பிடிக்கும். நம்ம பழமொழியிலேயே இருக்கு, மடியில கனம் இருந்தா வழியில பயம்னு. நாலாயிரம் வெள்ளியை மடியில வச்சுக்கிட்டு கொமுட்டர்ல உக்காந்தா நீ தூங்குவியா? ஷா ஆலம்ல ஒருத்தன் ஏறினா பையைக் கட்டிப்ப, சுபாங் ஜெயாவுல ஒருத்தன் பார்த்தா ஜிப்பைத் தடவிப்ப. 900 வெள்ளிக் கருப்பனோட போறவன் வாயைத் திறந்து வச்சுக்கிட்டுத் தூங்கலாம். திருடன்கூட எடுத்துப் பார்த்துட்டு, கனமா இருக்குன்னு திருப்பி வச்சுருவான்.

கிள்ளான் பள்ளத்தாக்குல இன்னொரு பயமும் இருக்கு. உலகத்துலேயே அதிகமா இடி இடிக்கிற இடங்கள்ல நம்ம இடமும் ஒன்னு. சாயந்தரம் மூணு மணி ஆச்சுன்னா மானம் கருக்கும். பிளக்கைப் பிடுங்குன்னு உங்க பாட்டி கத்தினது இன்னும் என் காதுல இருக்கு. வெள்ளம் வேற. 2021 டிசம்பர் 18 மறந்துருச்சா? ஸ்ரீ மூடாவுல உன் சின்னத்தை வீட்டுல தண்ணி கட்டிலைத் தூக்கிருச்சு. ஐஸ்பெட்டி கூடத்துல படகு மாதிரி சுத்துச்சு. அவ தலையில என்ன வச்சுக்கிட்டு வெளியில வந்தா? கையில முருகன் படம், தலையில மகளோட லேப்டாப்பு. பத்திரமா எடுத்தாந்துட்டா, சார்ஜரை விட்டுட்டா. அந்த நேரத்துல ஒல்லியா, லேசா இருந்தது நல்லதாப் போச்சுன்னு நானும் ஒத்துக்கிறேன். தலையில வச்சுக்க ஒன்னேகால் கிலோ ரெண்டு கிலோவை விடச் சுகம்தான். வெள்ளிக்கு அதுல ஒரு மார்க்கு போட்டுக்க.

கடைசியாக் காசு. வாங்கினா ரசீது கேளு. வருமான வரியில வாழ்க்கைமுறைக் கழிவுன்னு ஒன்னு இருக்கு, 2,500 வெள்ளி வரைக்கும், புத்தகம், கம்ப்யூட்டர், போன், நெட்டு எல்லாம் சேர்த்து. பிள்ளைக்கு வாங்கினாலும் செல்லும், சொந்த வியாபாரத்துக்குன்னாத்தான் செல்லாது. வெள்ளியை வாங்கினா 2,500-க்கு மேல இருக்கிறது அந்தரத்துல போச்சு. கருப்பனை வாங்கினா மிச்ச இடத்துல உங்கப்பா பேர்ல வர்ற நெட்டு பில்லும் உக்காந்துக்கும். உங்கப்பா வரி கட்டுற அளவுக்குச் சம்பாதிக்கிறாரான்னு நான் கேக்கல.

2000-வாக்குல இபிஎஃப் பணத்தை எடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கலாம்னு ஒரு திட்டம் விட்டாங்க. எங்க தாமான்ல ஒருத்தன் வாங்கினான். ரசீதுல கம்ப்யூட்டர், வீட்டுக்கு வந்து இறங்கினது துணி துவைக்கிற மெஷின். "எல்லாம் பட்டனை அமுக்குற சாமான்தானே"ன்னான். பேரு வேணாம், உனக்கு ரொம்ப நெருங்கின சொந்தம். அப்பாகிட்ட போயிக் கேக்காத.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். உனக்குக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டித்தான் பொழப்புன்னா போயி வெள்ளியை வாங்கு, கடன் வாங்கியாவது வாங்கு, அது உழைச்சுக் கடனைக் கட்டும். இல்ல, கட்டுரை எழுதணும், கணக்குப் போடணும், நடுராத்திரி யாருக்கோ பக்கம் பக்கமாக் கடுதாசி அடிக்கணும்னா, அதுக்குக் கருப்பன் போதும். பாதி ராத்திரியில பேட்டரி தீர்ந்துருச்சுன்னு சாக்குச் சொல்லத்தான் முடியாது.

சனிக்கிழமை காலையில எட்டு மணிக்குக் கிள்ளான் ஸ்டேஷன்ல நில்லு, நானும் வர்றேன். வயசானவங்களுக்குப் பாதி டிக்கெட்டு. அந்தப் பாதியையும் நீயே எடுத்துரு. பிரிக்பீல்ட்ஸ்ல இறங்கி முதல்ல தோசை, அப்புறம் கடை. விலை பேசுறதை என்கிட்ட விடு. எட்நூறுக்கு நான் ஆரம்பிக்கிறேன். நீ பக்கத்துல நின்னு, "வேணாம் தாத்தா, போலாம்"னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்க. அது உனக்கு இயல்பாவே வரும்.

ஒரே ஒரு சின்னச் சங்கதி. அவன்கிட்ட பெரிய வயிறு ஒன்னு, சின்ன வயிறு ஒன்னு, ரெண்டு பின் பேட்டரி இருக்காம். போன வாரமே போயி விசாரிச்சேன். ரெண்டையும் சேர்த்துத்தான் குடுப்பானாம். உனக்குச் சின்னது போதும், நீ சின்னப் பிள்ளை, பெருசைத் தூக்கினா இடுப்பு வலிக்கும்.

பெருசு எதுக்கா? அந்த அலமாரியைத் திற. கீழ் தட்டு. என் வேட்டிக்கு அடியில. ம், அதேதான். கருப்பு. பார்த்து எடுடா, சிவப்புப் பொட்டை அமுக்காத, எம்ஜிஆர் படம் பாதியில நிக்குது.